கோழி ஷெட்டில் கத்தக் கூடாது

கணவர் கதிர்வேலிடம் எந்தக் கெட்ட சேதியையும் மைதிலி கோழி ஷெட்டில் வைத்துத்தான் சொல்வாள். சத்தம் கேட்டால் கோழி மிரண்டு முட்டை குறையும் என்று, வீடே அதிரக் கத்துகிற மனுஷன் அங்கே மட்டும் கிசுகிசுப்பார்.

அன்றும் விடுதியிலிருந்து அழைத்துவந்த மகளை நேராக அங்கேதான் கூட்டிப்போனாள். கதிர்வேல் நின்றிருந்த ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்ததும் மைதிலிக்குத் திக்கென்றது. அதற்குள் யுவஸ்ரீ தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டாள்.

“எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாங்கப்பா. விவசாயம் படிக்கறேன்.”

மைதிலி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“எப்பருந்து சாமி இத மனசுல வச்சிருக்கற?” கதிர்வேலின் குரல் கிசுகிசுப்பாகவே வந்தது.

“பத்தாவதுல இருந்துங்கப்பா. கத்துவீங்கன்னுதான் சொல்லல.”

“உனக்குப் புடிச்சதயே படி கண்ணு.”

மைதிலிக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, கோழியெல்லாம் எங்கீங்க?”

“காலைலயே எல்லாத்தயும் வித்து லாரி ஏத்தியாச்சு.”

“அப்பறம் ஏனுங்க கத்தல?”

“புள்ள நடுங்குனதப் பார்த்தேன். மெரண்ட கோழி அப்படித்தான் நிக்கும். கோழிக்காக வாய அடக்குனவன் எம்புள்ளைக்காக அடக்க மாட்டனா?”

அந்த ஷெட் அதுவரை கேட்டிராத கூச்சல் ஒன்று கிளம்பியது. யுவஸ்ரீதான், சந்தோஷத்தில்!