பத்து நிமிடம் முன்னதாக

முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடப் பயணம் என்றார் விமானி. காற்று சாதகமாக இருப்பதால் பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கிவிடலாமாம். யாரோ கை தட்டினார்கள். செண்பகவல்லி தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினாள்.

"தண்ணி வேணுமா மேடம்?" என்று பணிப்பெண் வந்தாள்.

"கீழ சரக்கோட சரக்கா, பெட்டியில எங்க வீட்டுக்காரரு வர்றாரும்மா. நேத்தே ஆஸ்பத்திரியில போயிட்டாரு. அத்தைக்கு இன்னும் தெரியாது. ஏறுறதுக்கு முன்னாடி போன்ல, அவனுக்கு ரசம் வைக்கவா, குழம்பு வைக்கவான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரசம்னு சொல்லிட்டேன்." கண்டக்டரிடம் ஊர்ப்பெயர் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்றியா?"

பணிப்பெண் விமானியின் அறை வரை நடந்தாள். கதவில் கை வைத்தபடி, தட்டாமல் நின்றாள்.