வண்டியில் பெட்ரோல் வாடை

"நீ மெக்கானிக்கா, இல்ல வண்டிக்கு சென்ட் அடிக்கிறவனா?"

வாசலில் நின்ற காரின் கதவைத் திறந்துபிடித்தபடி கேட்டாள் பிரேமஜா. உள்ளேயிருந்து பெட்ரோல் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

சஜீந்திரன் காரின் பின்பக்கம் போய்க் குனிந்தான். தலசேரியில் அந்தப் பக்கத்துக்கே அவன்தான் மெக்கானிக்.

"முதல்ல பெட்ரோல் டியூப்னே. மாத்தினே. அப்புறம் டேங்க்னே. கழட்டி மாட்டினே. நேத்து மாஹே வரைக்கும் ஓட்டிப் பார்த்து, கழுத்து வரைக்கும் பெட்ரோல் நிரப்பிட்டு வந்து நீ விட்டப்போ துளி வாடை இல்ல. காலையில பவித்ரேட்டன் பால் வாங்கப் போய்ட்டு வந்தார். மறுபடியும் பங்க்ல நிக்கற மாதிரி இருக்கு."

"பார்க்கறேன், சேச்சி."

"என்னத்தைப் பார்ப்பே? ஏழாம் மாசம். இன்னிக்கு என் பொண்ணு ஷிம்னாவைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வர்ற நாள். வெல்லம் போட்டுக் கலத்தப்பம் சுட்டு, பாத்திரத்துல வெச்சு மூடியாச்சு. இந்த வண்டியில அவ எப்படி ஏறுவா?"

அவள் கணவர் பவித்ரன் உள்ளே வேட்டி மாற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே பிரேமஜா குரலை உயர்த்தினாள்.

"போன வாரம் டாக்டர்கிட்ட போறப்போ ஷிம்னா பாதி வழியில வாந்தி எடுத்தா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி ஆட்டோ தேடினோம். அவ மாமியார் கேக்கறா, 'நீங்க கார் வெச்சிருக்கீங்களா, பெட்ரோல் பங்க் வெச்சிருக்கீங்களா'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. அந்தச் சிரிப்புக்கு நீதான் பொறுப்பு."

சஜீந்திரன் பெட்ரோல் மூடியைக் கழற்றினான். சட்டைப் பையிலிருந்து கறுப்பு ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து மூடிக்குள் வைத்து அழுத்தினான்.

"அது என்ன?"

"வளையம், சேச்சி. மூடியில இல்ல. டேங்க் கழுத்து வரைக்கும் நிரம்பியிருக்கு. வளைவுல திரும்பினா அலம்பி வெளியே வழியும். அந்த வாடைதான்."

"நேத்து இருந்துச்சா?"

"போட்டுத்தான் அனுப்பினேன்."

"அதுக்கு முந்தின தடவை?"

"அப்பவும்."

"அப்போ டியூப், டேங்க்னு கதை விட்டதெல்லாம்?"

அவன் மூடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

"இங்க பாரு. நான் கூப்பிட்டது வாடை அடிக்குதுன்னு மட்டும்தான். நீ வர்றப்பவே பையில வளையத்தோட வந்திருக்கே. காணாமப் போயிருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்? காக்கா வந்து சொல்லுச்சா? நீயே கழட்டறே, நீயே மாட்டறே. இதுக்குப் பேர் வேலையா? சாயங்காலத்துக்குள்ள உன் லட்சணத்தை ஊர் முழுக்கச் சொல்லலைன்னா பாரு."

"சேச்சி, கொஞ்சம் மெதுவா."

"எதுக்கு மெதுவா? திருட்டுத்தனம் பண்றவன் நீ. நான் எதுக்கு மெதுவாப் பேசணும்?"

சஜீந்திரன் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"போன மாசம் பவித்ரேட்டன் வந்து, ஹெட்லைட் மங்கலா எரியுதுன்னார். பார்த்தேன். லைட்டுல ஒரு குறையும் இல்ல. மறுநாள் ஓட்டிப் பார்க்கலாம்னு அவர் பக்கத்துல உட்கார்ந்தேன். எதிர்ல வந்த பஸ் அவர் கண்ணுக்குத் தெரியல, சேச்சி. பட்டப்பகல். நான்தான் ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுத்தேன்."

பிரேமஜா பிடித்திருந்த கார்க் கதவை விட்டாள்.

"அதுக்கப்புறம்தான் இந்த வாடை. வளையம் தானாக் கழண்டு விழாது. நகத்தால நெம்பித்தான் எடுக்கணும்."

பவித்ரன் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லியே மகிழ்ந்தவர். கார் சாவியை மருமகன் கையில்கூடக் கொடுக்காதவர்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" அவள் குரல் தானாகவே இறங்கியிருந்தது.

"அவரே சொல்லாததை நான் எப்படிச் சொல்றது? வாடை அடிக்கற வரைக்கும் நீங்க யாரும் ஏற மாட்டீங்க, வண்டி பால் கடையைத் தாண்டாது. அதனால அவர் வளையத்தை எடுக்கறார். நான் போடாம விட்டா, நீங்க வேற மெக்கானிக்கைக் கூப்பிடுவீங்க. அவன் உடைச்சுச் சொல்லிடுவான். அதனால நான் போடறேன். கண்ணு தெரியலன்னு அவர் வாயால வராது, சேச்சி. எனக்கு வேலை தெரியலன்னு ஊர் சொல்லிட்டுப் போகட்டும்."

செருப்புச் சத்தம் கேட்டது. பவித்ரன் வெள்ளை வேட்டியில், கையில் சாவியோடு வந்தார். முதல் படியைப் பாதத்தால் தடவிவிட்டுத்தான் இறங்கினார். முழங்கால் வலி என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள்.

"என்ன, சரியாச்சா?" என்றார். குரலில் பயம் இருந்தது. இன்றுதான் அது அவள் காதில் விழுந்தது.

பிரேமஜா சஜீந்திரன் கையிலிருந்த மூடியை வாங்கினாள். நகத்தால் நெம்பி வளையத்தை எடுத்துக் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"எங்க சரியாச்சு? இவன் மெக்கானிக்கே இல்ல. சைக்கிளுக்குக் காத்தடிக்கக்கூட லாயக்கில்லாதவன். இந்த வண்டியில என் பொண்ணு ஏற மாட்டா. டாக்சி சொல்லுங்க. இனிமே எங்க போனாலும் டாக்சிதான். இந்த நாத்தத்துல என் கண்ணே எரியுது. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும். நீங்களும் கூட வாங்க, ரெண்டு பேரும் காட்டிட்டு வருவோம்."

"பாவம், அவனை ஏன் திட்டறே," என்ற பவித்ரன், அதற்குள் சாவியை இடுப்பு மடிப்பில் செருகிவிட்டிருந்தார். டாக்சிக்காரனை அழைக்க போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

பிரேமஜா மூச்சு வாங்க நின்றாள்.

தலையைக் குனிந்தபடியே சஜீந்திரன் முணுமுணுத்தான்: "இன்னும் கொஞ்சம் திட்டுங்க, சேச்சி. அவர் கேட்டுட்டுதான் இருக்கார்."