கண்ணாடி அறை

"காது கேக்காத பொண்ணைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பியிருக்கீங்களே! எல்லாரையும் சேர்த்துக்கணும்னா என் தலையிலதான் கட்டணுமா?"

கண்ணாடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தலைமையகத்திடம் போனில் பொரிந்து தள்ளினார் தூதர். வெளியே, புதிதாக வந்த அந்த அதிகாரி கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மதியம் துறைமுக ஒப்பந்தம் இழுபறியானது. எதிர்த்தரப்பினர் தங்களுக்குள் கலந்து பேச அதே அறைக்குள் போனார்கள். அவள் ஒரு சீட்டில் எழுதித் தூதரிடம் நீட்டினாள்.

"பிடிவாதமா இருங்க சார். இறங்கி வந்துடுவாங்க."

அப்படியே இறங்கி வந்தார்கள். கையெழுத்தும் ஆயிற்று.

"எப்படிம்மா தெரிஞ்சுது?" தூதருக்கு வாயெல்லாம் பல்.

"கண்ணாடி வழியாப் பார்த்தேன் சார். உதட்டசைவை வெச்சே பேச்சைப் படிச்சிடுவேன்."

தூதரின் கை தானாக வாயைப் பொத்தியது.

"இப்பப் பொத்தி என்ன சார் பிரயோஜனம்? காலையிலேயே படிச்சாச்சு!"