சரியான வாக்கியம்

"சாம்பார்ல கத்திரிக்காய் போடுறது இன்ஹெரன்ட்லி ராங், மேடம்."

வகுப்பு சிரித்தது. 'இன்ஹெரன்ட்லி ராங்' வைத்து ஒரு வாக்கியம் கேட்டிருந்த டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் நர்ஸ்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்குப் பேசாமல் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

"பிடிக்காதது வேற, தப்பு வேற. அடுத்து."

"ஹெல்மெட் போடாம வண்டி ஓட்டுறது."

"அது ரூல் போட்டதால தப்பு. நாளைக்கே அந்த ரூலை எடுத்துட்டா?"

எல்லோரும் நோட்டைப் புரட்டினார்கள்.

உயிரை வாங்குகிறார்கள்.

மூன்றாம் முறையாகப் போர்டில் எழுதினாள். இன்ஹெரன்ட்லி ராங் என்றால் அடிப்படையிலேயே தவறு. எந்த ரூல் அனுமதித்தாலும் தவறு. யார் செய்தாலும் தவறு.

"இதுக்கு மேல நான் எப்படிச் சொல்ல? ஒருத்தராவது சரியா ஒரு வாக்கியம் சொல்லுங்க."

கடைசி பெஞ்சில் ஜெனிட்டா எழுந்தாள்.

காலையில் ஆபீஸ் அறையில் அழுதுகொண்டு நின்ற பெண். ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு போனால்தான் சேர்த்துக்கொள்வார்கள். கோர்ஸ் முடியாமல் அதைப் பூட்டி வைத்திருக்கும் பீரோவைத் திறக்க முடியாது, இங்கே அதுதான் ரூல் என்று சொல்லிவிட்டார் சென்டர் ஓனர்.

ஜெனிட்டா ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இங்கே இது ரூலாக இருக்கலாம். ஆனால் என் சர்டிபிகேட்டைப் பூட்டி வைப்பது இன்ஹெரன்ட்லி ராங்.

யாரும் சிரிக்கவில்லை.

வாக்கியத்தில் ஒரு பிழைகூட இல்லை. இத்தனை நேரம் தொண்டை வறளக் கேட்டது இதைத்தான். கிடைத்ததும் டீச்சரின் பார்வை ஆபீஸ் அறைப் பக்கம் போனது.

அதே பீரோவில், மேல்தட்டில், டீச்சருடைய எம்.ஏ. சர்டிபிகேட்டும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கி வைத்தார்கள். ரூல் என்றார்கள். இவளும் சரி என்று கொடுத்தாள். நல்ல இங்கிலீஷ் டீச்சர்தான்.

"கரெக்ட்" என்றாள் கடைசியில்.

அந்த வாக்கியத்தைப் போர்டில் பெரிதாக எழுதினாள்.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். அவள் டஸ்டரை எடுத்தாள். பிறகு மேஜைமேலேயே வைத்துவிட்டாள்.

ஃபேனை நிறுத்த வந்த ஓனர் வாசலிலேயே நின்று போர்டைப் படித்தார்.

"யாரு சொன்னது இது?"

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஜெனிட்டா குனிந்தபடியே நின்றாள்.

போர்டு பக்கமிருந்து பதில் வந்தது.

"என்னோடதுதான் சார். பீரோ சாவி கையில இருக்கா?"