வலது முன்னங்கால்

ஓடை மணலில் பேராசிரியர் கண்டுபிடித்த ஐந்து புலித் தடங்களும் வலது முன்னங்காலாகவே இருந்தது முகிலாவை உறுத்தியது. அவள் காட்டுயிரியல் முதுகலை, கடைசிப் பருவம். களக் குறிப்பேட்டில் அவள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால்தான் அவருடைய கட்டுரை அச்சேறும். அவர் மதிப்பெண் போட்டால்தான் அவள் தேறுவாள்.

“சார், இந்தப் புலி நொண்டியடிச்சிட்டே போச்சா?”

“முப்பது வருஷமா நான் புலிகளோட பேசிட்டிருக்கேம்மா. நீ கையெழுத்தப் போடு.”

புலிகள் என்ன பதில் சொல்லின என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. துறைக் கண்காட்சி அலமாரியில் இருந்த பிளாஸ்டர் புலிப் பாதத்தைக் காலையிலிருந்து காணவில்லை. அவருடைய தோள்பையின் வாயில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

பேனாவைத் திறந்தவள், வந்த வழியைத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் இருவருடைய ஷூ தடங்களின் மேலேயே புதிதாகப் பாதங்கள் பதிந்திருந்தன. இடது, வலது, முன், பின் என்று எதிலும் குறையில்லை. குழிகளில் தண்ணீர் இப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.

“சார்… இதுவும் நீங்க வச்சதுதானா?”

அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். இல்லையென்று தலையசைத்தார்.

இரண்டு வருடப் படிப்பில் அவர் சொன்ன ஒன்றை முகிலா துளி சந்தேகமில்லாமல் நம்பியது அப்போதுதான்.