கிணற்றில் எண்ணெய்

பட்டாளத்து லாரி ஷெட்டின் மதில் ஓட்டையிலிருந்து கருப்புத் தண்ணீர் ஏரிக்குள் இறங்குகிறது. முழங்கால் ஆழத்தில் நிற்கும் கோவிந்தப்பா, மிதக்கும் எண்ணெயைச் சாக்கில் ஊறவைத்துத் தகர டின்னில் பிழிகிறார். செங்கல் சூளையில் எரிக்க வாங்கிக்கொள்வார்கள். “இன்னிக்கி நல்லா வருது காந்தா, பட்டாளம் நமக்குப் படியளக்குது” என்று சிரிக்கிறார். கரையோரக் கிணற்றிலிருந்து அவர் மனைவி காந்தா குடத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் சாய்த்துப் பிடிக்கிறாள். வெயிலில் தண்ணீர்மேல் நீலமும் மஞ்சளுமாக ஏதோ நெளிகிறது. “உன் பட்டாளம் நம்ம கிணத்துக்கே வந்திருச்சி, பாருய்யா.” கை பழக்கத்தில் முந்திக்கொள்ள, அவர் தோளில் கிடந்த காய்ந்த சாக்கைக் குடத்தில் தோய்த்துப் பிழிகிறார். டின்னில் அடிக்கும் அதே வாடை. “எப்பத்துல இருந்து?” என்று கேட்கிறார். குடிசை வாசலில் ஏழு மாத வயிற்றோடு நிற்கும் மருமகள் சங்கமித்ரா, சொம்பை இறக்கி வாயைத் துடைக்கிறாள். “அத்தே, இன்னிக்கும் தண்ணி கசக்குது.”