குடோனுக்கு ஒரு ஹீட்டர்

எழுபதா, எழுபத்தொன்றா என்று சரியாக நினைவில்லை. அக்கினி நட்சத்திரம் என்பது மட்டும் நிச்சயம். பிள்ளையார்பாளையம் பட்டுநூல் வியாபாரி கலியாணசுந்தரம், முருகேசனின் எலக்ட்ரிக் கடைக்கு வந்தார்.

“ஹீட்டர் இருக்குதாபா? குடோனைச் சூடாக்கணும். சின்னதுதான், பத்துக்குப் பன்னண்டு.”

வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த முருகேசன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். நூல் நனைந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டான்.

“ஊட்டிக்காரர் ஒருத்தர் சொல்லிவெச்சு வாங்காம போனது ஒண்ணு இருக்குதுங்க. கரண்ட்டு நிறைய இழுக்கும். கரி அடுப்புன்னா செலவு கம்மி.”

“கரியே வெக்கலாமா?”

“கதவைச் சாத்திக்கினு வெச்சா உள்ள இருக்கற ஆளு செத்துப்புடுவான்யா.”

கலியாணசுந்தரம் நெடுநேரம் யோசித்தார். அவர் அவ்வளவு நேரம் யோசித்தது முருகேசனுக்குப் பிடிக்கவில்லை.

“வாணாம்பா,” என்றார் கடைசியில், அரைமனதாக. “ஹீட்டரே குடு.”

“குடோன்ல நூல்தானே இருக்குது?”

“நூலெல்லாம் வீட்ல, என் கட்டில்மேல. குடோன்ல மச்சினன் இருக்கறான். போன வருசம் கருட சேவை பாக்க வந்தான். இந்த வருசத்துதும் பாத்துட்டான். வாயால போன்னு சொன்னா, என் சம்சாரம் என்னை வெளிய அனுப்பிடுவா.”

மூன்றாம் நாள் மச்சினனே கடைக்கு வந்தான்.

“வாலாஜாபாத் ரைஸ் மில்லுல பத்து வருசம் பாய்லர்காரனா இருந்தேங்க. அந்தச் சூடு இல்லாம ஒரு வருசமா சரியாத் தூக்கமே இல்ல. மாமா எப்படித்தான் கண்டுபுடிச்சாரோ, தங்கமான மனுசன்! இன்னொண்ணு கிடைக்குமா? என் தம்பியும் பாய்லர்காரன்தான். அவனும் வரான்.”

அண்ணனும் தம்பியும் குடோனில் சௌக்கியமாக இருந்தார்கள். நூல் கட்டிலிலேயே இருந்தது. கலியாணசுந்தரம் ஒருநாள் முருகேசன் கடையில் பாய் விரித்துப் படுத்தார். இரண்டு வருஷம் கழித்தும் போகவில்லை.